கோடு நகர்ந்துச்சா?

ஊர்ல யாராவது என் வேலையைப் பத்தி கேட்டா "எஞ்சினியரிங் கம்பெனி"ன்னு சொல்லி முடிச்சிடுவேன். அதுக்கு மேல விளக்கப் போனா எனக்கே கொஞ்சம் கூச்சமா இருக்கும். ஏன்னா ஏழு வருஷமா நான் செஞ்ச வேலை, மீட்டிங்ல உக்காந்து மத்தவங்க பேசுறதை டைப் பண்றது. டொரன்டோவுல இருந்து வண்டியில நாலு மணி நேரம் வடக்க போயி, ஏதாவது ஒரு ஃபர்ஸ்ட் நேஷன், அதாவது பூர்வகுடி சமூகத்தோட கம்யூனிட்டி ஹால்ல மடக்கு நாற்காலியில உக்காந்து, லேப்டாப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டு, யார் என்ன கேட்டாங்க நம்ம ஆளுங்க என்ன சொன்னாங்கன்னு எழுதணும். திரும்பி வந்து அதை எக்ஸெல் ஷீட்ல ஏத்தணும், கன்சல்டேஷன் லாக்னு அதுக்குப் பேரு. தேதி, யாரு, லெட்டரா போனா நேர்லயா, என்ன கவலை சொன்னாங்க, நம்ம பதில், கடைசிக் கட்டம் ஸ்டேட்டஸ். அந்தக் கட்டத்துல "க்ளோஸ்டு"ன்னு வந்துட்டா மேனேஜருக்கு நிம்மதி.

அப்படி ஒரு மீட்டிங்ல, ஒரு மின்சார லைனுக்கு வேலை நடக்கும்போது லாரி போயிட்டு வர்றதுக்கான ரோடு பத்தி பேச்சு. செவுத்துல பெரிய மேப் மாட்டியிருந்தோம், சதுப்பு நிலமெல்லாம் நீலக் கலர், ரோடு சிவப்புக் கோடு, பார்க்க அழகா இருக்கும். சாப்பாடு நம்ம செலவு, சூப்பும் பானக்னு சொல்ற பொரிச்ச ரொட்டியும். எண்பதை ஒட்டின ஒரு பாட்டி, வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசலை, சாப்பிட்டு முடிச்சு தட்டை வெச்சுட்டு மெதுவா எழுந்து மேப் கிட்ட போனாங்க. கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இது எந்த மாசத்து மேப்?"னு கேட்டாங்க.

எங்க ஆளுக்கு கேள்வியே புரியல. சர்வே ஆகஸ்ட்ல எடுத்ததுன்னு நான்தான் சொன்னேன். "அதான பார்த்தேன்"னு சொல்லிட்டு, சிவப்புக் கோட்டுல ஒரு எடத்துல விரலை வெச்சு, ஏப்ரல்ல பனி உருகும்போது இங்க தண்ணி நிக்கும், எங்க அப்பா காலத்துல இருந்து அந்த நாளுல இந்தப் பக்கம் சுத்திதான் போவோம், மீன் முட்டை போடுறதுக்கு இங்க வரும், ரோட்டை அந்த மேட்டுப் பக்கமா தள்ளிப் போட முடியாதான்னு கேட்டாங்க. எங்க ப்ராஜெக்ட் மேனேஜர் ரொம்ப மரியாதையா, அருமையான தகவல், ரொம்ப நன்றி, டீடெய்ல்டு டிசைன்ல பார்த்துக்குறோம்னு சொன்னார். நான் டைப் பண்ணேன். வடிகால் குறித்து கவலை தெரிவிக்கப்பட்டது. விரிவான வடிவமைப்பில் கவனிக்கப்படும். க்ளோஸ்டு.

அந்த "எந்த மாசத்து மேப்"ங்கிற கேள்வி எந்தக் கட்டத்துலயும் ஏறல. அதுக்குன்னு ஒரு கட்டமே கிடையாது.

இந்த கன்சல்டேஷன்ங்கிறது கனடாவுல ஏதோ கம்பெனிங்க நல்ல மனசு வந்து செய்யுற காரியம் இல்ல. 1982 அரசியல் சாசனத்துல 35-வது பிரிவு பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிச்சுது. ஆனா உரிமையை கோர்ட்ல நிரூபிக்க பத்து இருபது வருஷம் ஆகும், அதுக்குள்ள காட்டை வெட்டி முடிச்சிட்டா அப்புறம் ஜெயிச்சு என்ன பண்றது? ஹைடாங்கிற பூர்வகுடி மக்கள் இதைத்தான் கேட்டாங்க. பிரிட்டிஷ் கொலம்பியா கடலுக்குள்ள இருக்குற அவங்க தீவுகள்ல வெயர்ஹவுஸர் கம்பெனிக்கு அரசாங்கம் மரம் வெட்டுற லைசென்ஸை மாத்திக் குடுத்துச்சு, எங்களைக் கேட்காம எப்படி குடுக்கலாம்னு கேஸ். 2004 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: உரிமை இன்னும் நிரூபணமாகலைன்னாலும், இருக்கலாம்னு அரசுக்குத் தெரிஞ்சிருந்தா, அதை பாதிக்கிற முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடியே கலந்து பேசியாகணும். எவ்வளவு ஆழமா பேசணுங்கிறது உரிமை எவ்வளவு பலமானது, பாதிப்பு எவ்வளவு பெருசுங்கிறதைப் பொறுத்து. சின்ன விஷயம்னா தகவல் குடுத்தா போதும், பெருசுன்னா ஆழமா உக்காந்து பேசணும். ஆனா "வேண்டாம்"னு சொல்லி நிறுத்துற வீட்டோ கிடையாதுன்னும் அதே தீர்ப்புலயே எழுதிட்டாங்க.

அந்தத் தீர்ப்புல ஒரு வார்த்தை வரும், ஹானர் ஆஃப் த கிரவுன். தமிழ்ல சொன்னா மகுடத்தோட மானம், மகுடம்னா இங்க அரசாங்கம். அரசன் வாக்கு தவறக்கூடாது, நேர்மையா நடக்கணும், கலந்து பேசுற கடமையே அந்த மானத்துல இருந்துதான் வருதுன்னு கோர்ட் சொல்லுது. முதல் தடவை படிச்சப்ப எனக்கு மனுநீதிச் சோழன்தான் ஞாபகம் வந்தான், வாசல்ல மணி கட்டி வெச்ச கதை. நம்ம கதையில பசு வந்து மணி அடிச்சா ராஜா எறங்கி வருவான். இங்க மணி அடிச்சா நான் போயி "மணி அடிக்கப்பட்டது"ன்னு எழுதிட்டு வருவேன்.

ஏன் நான் போறேன்? கடமை அரசாங்கத்தோடது, ஆனா நடைமுறை வேலைகளை ப்ராஜெக்ட் போடுற கம்பெனிகிட்ட ஒப்படைக்கலாம்னு அதே ஹைடா தீர்ப்பு சொல்லுது. கம்பெனி எங்களை மாதிரி கன்சல்டன்ட்கிட்ட ஒப்படைக்கும். ஆக, ராஜாவோட மானத்தைக் காப்பாத்துற பொறுப்பு கடைசியில வந்து சேர்றது மணிக்கணக்குல பில் போடுற என்கிட்ட. அரசாங்கத்து ஆள் யாருமே இல்லாத மீட்டிங் எத்தனையோ நான் உக்காந்திருக்கேன்.

அந்தப் பக்கம் என்ன நெலமைன்னு ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. ஒரு தடவை ஒரு ஃபர்ஸ்ட் நேஷனோட நிர்வாக ஆபீஸ்ல, பேண்ட் ஆபீஸ்னு சொல்லுவாங்க, எங்க லெட்டருக்கு ஆறு வாரமா பதில் இல்லையேன்னு கேட்கப் போனேன். அங்க லேண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுன்னா ஒரு ரூம், ரெண்டு பேரு. அதுல ஒரு அக்கா எதுவும் சொல்லாம அலமாரியைத் தொறந்து காட்டினாங்க. குவாரி, ஹைவே அகலப்படுத்துறது, சப்டிவிஷன், சாக்கடைக் குழாய், சுரங்கத்துக்குத் துளை போடுறது, எல்லாத்துக்கும் ஒவ்வொரு லெட்டர், ஒவ்வொண்ணுலயும் "30 நாட்களுக்குள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்". அவங்க பாரம்பரிய எல்லைக்குள்ள எங்க என்ன தோண்டினாலும் இவங்களுக்குத்தான் லெட்டர் வரும். "உங்களோடது இதுல எங்கயோ இருக்கு"ன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, எனக்குத்தான் சிரிப்பு வரல, ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் லாக்ல "கடிதம் அனுப்பப்பட்டது, பதில் இல்லை"ன்னு எழுதியிருந்தேன். அப்படி எழுதினா படிக்கிறவன் அவங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னுதான் எடுத்துக்குவான்.

பேப்பரால அடிக்கிறதுன்னு பார்த்தா கிளைட் ரிவர் கதையை மிஞ்ச முடியாது. ஆர்க்டிக்ல பாஃபின் தீவுல சுமார் ஆயிரம் பேர் இருக்குற ஊர், இன்யூட்ங்கிற ஆர்க்டிக் பூர்வகுடி மக்களோடது. எண்ணெய் இருக்கான்னு பார்க்க கடலுக்குள்ள ஏர்கன் வெடிச்சு சைஸ்மிக் சர்வே எடுக்கணும்னு கம்பெனிங்க வந்தாங்க. 2013-ல ஊர்ல மீட்டிங். ஜனங்க கேட்டது ஒரே கேள்விதான், இந்தச் சத்தத்துல திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் என்ன ஆகும்? அவங்க சாப்பாடே அதுதான். வந்தவங்களால பதில் சொல்ல முடியல. அப்புறம் சில மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, 3,926 பக்கம், இங்கிலீஷ்ல, இன்டர்நெட்ல ஏத்தி வெச்சிருக்கோம் டவுன்லோட் பண்ணிக்கோங்கன்னு. அப்ப அந்த ஊர் இன்டர்நெட் ஊர்ந்து போற இன்டர்நெட், டேட்டாவுக்கு காசு வேற கொள்ளை. அவங்க பேசுற இனுக்டிட்டுட் மொழியில வந்தது அதுல துளியூண்டு. 2017 ஜூலையில சுப்ரீம் கோர்ட், நேர்ல கேட்ட கேள்விக்கு மாசக்கணக்குல கழிச்சு படிக்கவே முடியாத ஆவணக் குவியலைக் கொட்டுறது உண்மையான கலந்தாலோசனை இல்லைன்னு சொல்லி அனுமதியை ரத்து பண்ணிடுச்சு.

இந்தத் தீர்ப்பு வந்த வாரம் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஈமெயில் வந்துச்சு. இனிமே சுருக்கத்தை எளிய மொழியில குடுக்கணுமாம். நல்ல மாற்றம்தான், மறுக்கல. ஆனா அதே நாள்ல இன்னொரு தீர்ப்பும் வந்துச்சு, அதைப் பத்தி யாரும் ஈமெயில் போடல. என்பிரிட்ஜோட லைன் 9 எண்ணெய்க் குழாய், அதுல ஓட்டத்தைத் திருப்பி கூடுதல் எண்ணெய் விடுறதை எதிர்த்து சிப்பெவாஸ் ஆஃப் த தேம்ஸ்ங்கிற ஃபர்ஸ்ட் நேஷன் போட்ட கேஸ். அவங்க தோத்துட்டாங்க. அங்க விசாரணை நடந்துச்சு, கலந்துக்க பணம் குடுத்தாங்க, பேச விட்டாங்க, எழுத்துல காரணம் சொன்னாங்க, ஆகவே போதும்னு ஆச்சு. ஃபின்ச் பக்கம் ஹைட்ரோ டவருங்க நிக்கிற புல்வெளியில சாயங்காலம் வாக்கிங் போற நம்ம ஆளுங்க எத்தனை பேரு, அந்தக் குழாய் அவங்க காலடியிலதான் போகுது, யாருக்கும் தெரியாது. ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிச்சா எங்க மாதிரி ஆளுங்க கத்துக்கிற பாடம் ஒண்ணுதான்: ப்ராசஸ் சுத்தமா இருக்கணும். முடிவு மாறணுங்கிற அவசியம் இல்ல.

2018-ல ட்ரான்ஸ் மவுன்டன் எண்ணெய்க் குழாயைப் பெருசாக்குறது பத்தின கேஸ் வந்தப்பதான் எனக்கு நெஜமாவே சுருக்குனு குத்துச்சு. ஃபெடரல் அப்பீல் கோர்ட் அனுமதியை ரத்து பண்ணுச்சு. காரணம், அரசாங்கம் அனுப்பின டீம் தங்களை நோட் எடுக்கிறவங்களா மட்டும் நெனைச்சுக்கிட்டாங்க, ஜனங்க சொல்றதைக் கேட்டு எழுதி மேல அனுப்புறதோட சரி, பதில் சொல்லவோ எதையும் மாத்தவோ அவங்களுக்கு அதிகாரமே இல்ல. நோட் எடுக்கிறவங்க! மதியம் சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து வெச்சுக்கிட்டு படிச்சிட்டு இருந்தேன், கோர்ட்ல என் பேரைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு? மறுபடி பேசினாங்க, சில நிபந்தனைகளை மாத்தினாங்க, 2019 ஜூன்ல மறுபடி அனுமதி குடுத்தாங்க, இந்தத் தடவை கோர்ட் ஏத்துக்கிச்சு, 2024 மே மாசம் புதுக் குழாய்ல எண்ணெய் ஓட ஆரம்பிச்சிடுச்சு. இதுல வேடிக்கை, 2018-லயே அந்தக் குழாயை 4.5 பில்லியன் டாலர் குடுத்து அரசாங்கமே வாங்கிடுச்சு. கடையை விலை பேசி வாங்கிட்டு, இந்தக் கடை இங்க இருக்கலாமான்னு பக்கத்து வீட்டுல கேட்கப் போறது மாதிரி.

ஆகவே நான் ஒரு அளவுகோல் வெச்சுக்கிட்டேன். எந்த ப்ராஜெக்ட் கன்சல்டேஷன் ரிப்போர்ட்டைப் பார்த்தாலும் எத்தனை மீட்டிங், எத்தனை லெட்டர்னு பார்க்கிறதில்ல. முதல் ட்ராயிங்கையும் கடைசி ட்ராயிங்கையும் எடுத்து பக்கத்துல வெச்சுப் பார்ப்பேன். கோடு நகர்ந்துச்சா?

இந்த அளவுகோலும் முழுசா சரியில்லைன்னு மிக்கிசூ க்ரீங்கிற ஃபர்ஸ்ட் நேஷனோட கேஸைப் படிச்சப்ப தெரிஞ்சுது. ஆல்பர்ட்டாவுல வுட் பஃபலோ தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு குளிர்கால ரோடு. 1899-ல கையெழுத்தான 8-ம் நம்பர் ஒப்பந்தப்படி அவங்களுக்கு அங்க வேட்டை உரிமை உண்டு. அரசாங்கம் பண்ணது என்னன்னா பொதுமக்களுக்கு வெச்ச ஓப்பன் ஹவுஸுக்கு வாங்கன்னு இவங்களுக்கும் சொன்னது. இவங்களுக்குன்னு ஒதுக்கின ரிசர்வு நிலத்துக்குள்ள ரோடு வரக்கூடாதுன்னு எதிர்ப்பு சொன்னதும் கோட்டை நகர்த்தினாங்க. எங்க? ரிசர்வோட எல்லையை ஒட்டியே, இன்னும் சில குடும்பங்க பொறி வெச்சு வேட்டையாடுற எடத்துக்கு மேல. நகர்த்தும்போது யாரையும் கேட்கல. 2005-ல சுப்ரீம் கோர்ட் இது செல்லாதுன்னுச்சு. கோடு நகர்ந்தா மட்டும் பத்தாது, பென்சில் யார் கையில இருக்குங்கிறதும் இருக்கு.

"கம்யூனிட்டியைக் கேட்டோம்"னு சொல்றப்ப அந்தக் கம்யூனிட்டி யாருங்கிறது அடுத்த தலைவலி. இந்தியன் ஆக்ட்ங்கிற சட்டப்படி வர்ற தேர்தல் கவுன்சில் ஒரு பக்கம், அதுக்கு ரொம்ப காலம் முன்னாடி இருந்து வர்ற பரம்பரைத் தலைவர்கள் ஒரு பக்கம். கோஸ்டல் கேஸ்லிங்க் எரிவாயுக் குழாய்க்கு வழியில இருந்த 20 கவுன்சில்களும் கையெழுத்துப் போட்டுட்டாங்க, வெட்சுவெட்டன்ங்கிற பூர்வகுடியோட பரம்பரைத் தலைவர்கள் முடியாதுன்னு நின்னாங்க, 2020 ஆரம்பத்துல நாடு முழுக்க ரயில் மறியல் நடந்தது அதனாலதான். நம்ம ஊர்ல பஞ்சாயத்துத் தலைவர் சரின்னு சொல்லி ஊர்ப் பெரியவங்க வேண்டாம்னா எப்படியோ அப்படி. இதைக் காட்டி "அவங்களுக்குள்ளயே ஒத்துமை இல்ல"ன்னு கம்பெனி ஆளுங்க சொல்லும்போது எனக்கு எரிச்சல் வரும். எந்த ஊர்ல எல்லாரும் ஒரே மாதிரி நெனைக்கிறாங்க? வேலை கிடைக்கும்னு நம்பி சரின்னு சொல்றவங்களும் அந்த மக்கள்தான், அவங்களை விலை போனவங்கன்னு வெளியில இருந்து பட்டம் குடுக்க நமக்கு என்ன தகுதி?

நான் சொல்ற கதையெல்லாம் கேட்டுட்டு பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அங்கிள் ஒரு நாள் "தம்பி, டேபர் ஹில்லுக்குப் போயிருக்கிறீரோ?"ன்னு கேட்டார். ஸ்கார்பரோவுல லாரன்ஸ் பக்கம், வீடுகளுக்கு நடுவுல ஒரு புல் மேடு. நான் எத்தனையோ தடவை காரை அந்தப் பக்கமா ஓட்டியிருக்கேன், சும்மா பார்க்குன்னு நெனைச்சேன். 1956 ஆகஸ்ட்ல ஹைவே வேலைக்கு மண்ணு வேணும்னு அந்தக் குன்றை மெஷின் வெச்சு வெட்டினாங்க. மண்ணோட எலும்பு வந்துச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, சுமார் 472 பேரோட எலும்புங்க, பல நூறு வருஷம் முன்னாடி சடங்கோட ஒண்ணா சேர்த்துப் புதைச்சது. அதுக்கப்புறம் வேலையை நிறுத்தி, சிக்ஸ் நேஷன்ஸ்ங்கிற பூர்வகுடி சமூகத்துல இருந்து பெரியவங்களை வரவழைச்சு, சடங்கு செஞ்சு மறுபடி புதைச்சாங்க. அங்கிள் அந்த மேட்டுல ஏற மாட்டாராம், கீழயே நின்னு கும்பிட்டுட்டு வந்துடுவாராம். ஏன்னு நான் கேட்கல. ஊரை விட்டு வந்த மனுஷன், அங்க அவரோட கல்லறைங்க என்ன ஆச்சோ.

இந்த டொரன்டோ நிலமே எப்படிக் கைமாறுச்சுன்னு பார்த்தா, 1787-ல மிஸ்ஸிசாகாங்கிற பூர்வகுடி மக்கள்கிட்ட வாங்கினதா ஒரு பத்திரம். அந்தப் பத்திரத்துல எல்லை எதுவும் எழுதல, வெத்துப் பேப்பர். தலைவர்களோட குலச்சின்னக் கையெழுத்து தனிக் காகிதத்துல இருந்துச்சு, அதை எடுத்து இதுல ஒட்டியிருந்தாங்க. 1805-ல பத்து ஷில்லிங் குடுத்து சரி பண்ணிக்கிட்டாங்க. 2010-ல தான் 145 மில்லியன் டாலர் குடுத்து அந்த வழக்கை முடிச்சாங்க. வெள்ளைப் பேப்பர்ல கைநாட்டு வாங்குறது ஏதோ நம்ம ஊர் கந்துவட்டிக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நெனைச்சேன் நான்.

இந்தியாவுல நெலமை இதை விட மோசம்னுதான் பொதுவா நாம சொல்லுவோம், பெரும்பாலும் சரிதான். கலெக்டர் தலைமையில கருத்துக் கேட்புக் கூட்டம், ஷாமியானா, முன் வரிசையில கட்சிக்காரங்க, பின்னாடி போலீஸ், "அனைவரும் வரவேற்றனர்"னு மறுநாள் பேப்பர்ல. ஆனா கனடா கோர்ட் குடுக்கத் தயங்கின ஒண்ணை இந்திய கோர்ட் ஒரு தடவை குடுத்திருக்கு. ஒடிசாவுல நியாம்கிரி மலை. தூத்துக்குடி ஸ்டெர்லைட்டோட அதே வேதாந்தா குழுமம், மலை உச்சியில பாக்சைட் எடுக்கணும். டோங்ரியா கோந்த் மக்களுக்கு அது நியாம் ராஜாவோட எடம். 2013 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட், வன உரிமைச் சட்டத்தை எடுத்து வெச்சு, கிராம சபையைக் கேளுங்கன்னுச்சு. நூத்துக்கும் மேல ஊர் இருக்குற மலையில மாநில அரசு பொறுக்கி எடுத்தது வெறும் 12. நீதிபதி முன்னாடி, மழையில, ஒவ்வொரு ஊரா ஜூலை ஆகஸ்ட்ல கூட்டம் நடந்துச்சு. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் வேண்டாம்னு சொல்லிடுச்சு. 2014 ஜனவரியில மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி இல்லைன்னு அறிவிச்சுது. அந்த மக்கள்கிட்ட "உங்க கவலை என்ன"ன்னு கேட்கல, "வேணுமா வேண்டாமா"ன்னு கேட்டாங்க. ஏழு வருஷத்துல நான் டைப் பண்ண எந்த மீட்டிங்லயும் இந்தக் கேள்வி வந்ததே இல்ல.

பூர்வகுடி உரிமைகளுக்கான ஐநா பிரகடனம் 2007-ல வந்தப்ப எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு நாட்டுல கனடாவும் ஒண்ணு. 2021-ல அதையே சட்டமா ஏத்துக்கிட்டாங்க, முன்கூட்டியே சுதந்திரமா தகவல் தெரிஞ்சு குடுக்குற சம்மதம்னு அதுல இருக்கு. 2025 ஜூன்ல ஒன்டாரியோ மாநிலத்துல பில் 5ங்கிற சட்டம், அதே மாசம் ஒட்டாவாவுல மத்திய அரசோட பில் சி-5, ரெண்டும் பெரிய ப்ராஜெக்டை வேகமா முடிக்கணும்னு. ஒன்டாரியோ வடக்க ரிங் ஆஃப் ஃபயர்ங்கிற பகுதியில கனிமம் எடுக்கணும்னு துடிக்கிறாங்க. கலந்து பேசுற கடமை அப்படியேதான் இருக்குன்னு ரெண்டு அரசாங்கமும் சொல்லுது. ஒன்டாரியோவோட வடக்குல கேஐன்னு ஒரு ஃபர்ஸ்ட் நேஷன், 2008-ல பிளாட்டினம் தோண்ட வந்த கம்பெனியை உள்ள விடமாட்டோம்னு சொன்னதுக்கு அவங்க தலைவர் உட்பட ஆறு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. ஆறு மாசத் தண்டனை, அப்பீல்ல ரெண்டு மாசத்துல வெளியில வந்தாங்க. அடுத்த வருஷம் மாநில அரசு அந்தக் கம்பெனிக்கு 5 மில்லியன் டாலர் குடுத்து வெளியேத்துச்சு. மொதல்லயே கேட்டிருந்தா ஜெயிலும் இல்ல செலவும் இல்ல.

அந்தப் பாட்டி விஷயத்துக்கு வர்றேன். எனக்கு மனசு கேட்கல, லாக்ல க்ளோஸ்டுன்னு போட்டப்புறமும் ட்ரெயினேஜ் பார்க்கிற எஞ்சினியர்கிட்ட நேரா போயி சொன்னேன். நல்ல மனுஷன், கவனமா கேட்டார். "ஏப்ரல் டேட்டா ஏதாவது இருக்கா? ஒரு போட்டோ குடு, நான் ரோட்டைத் தள்ளிப் போடச் சொல்லிப் பார்க்கிறேன்"னார். பேண்ட் ஆபீஸுக்கு போன் போட்டேன். ஏப்ரல்ல வாங்க, நாங்களே கூட்டிட்டுப் போயி காட்டுறோம், கூட வர்ற ரெண்டு பேருக்கு நாள் கூலி மட்டும் குடுத்துடுங்கன்னாங்க. மேனேஜர்கிட்ட கேட்டேன். கன்சல்டேஷன் பட்ஜெட் முடிஞ்சிடுச்சு, ஸ்டேட்டஸ் க்ளோஸ்டுன்னு நீதான போட்டிருக்க, அதைத் திரும்பத் தொறந்தா அனுமதிக்குப் போன ரிப்போர்ட்டையே மாத்தணும்னார். நானும் வற்புறுத்தல. அப்ப எனக்கு கனடாவுல நிரந்தரமா தங்குறதுக்கான பிஆர் ஃபைல் வேற ஓடிட்டு இருந்துச்சு, வேலையில சத்தம் போட்டு வம்பு வேண்டாம்னு இருந்துட்டேன், அதை இங்க ஒத்துக்கிறேன்.

ரோடு போட்டாச்சு. சிவப்புக் கோடு எங்க இருந்துச்சோ அங்கயேதான். ரோட்டுக்கு அடியில தண்ணி போக ட்ராயிங்ல இருந்த அதே 600 மில்லிமீட்டர் குழாய், அதே எடத்துல.